தெப்பக்குளம் பக்கம் மூன்று சக்கர ஸ்ட்ரோலர் சரிப்படுமா?

தெப்பக்குளத்து அம்மா:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் வீடு மதுரையில் காமராஜர் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில், முதல் மாடி. மகளுக்கு எட்டாவது மாதம் நடக்கிறது, பிடிமானம் இல்லாமல் நன்றாக உட்காருகிறாள். வெயில் தாழ்ந்ததும் அவளைத் தூக்கிக்கொண்டு தெப்பக்குளத்தைச் சுற்றி வருவது எனக்கும் பிடிக்கும், அவளுக்கும் பிடிக்கும். ஆனால் குளம் ஒவ்வொரு பக்கமும் ஆயிரம் அடிக்குக் கிட்டத்தட்ட இருக்கிறது. ஒரு சுற்று வருவதற்குள் இடுப்பும் தோளும் விட்டுப்போகிறது.

என் நாத்தனார் கோயம்புத்தூரில் இருக்கிறார். அவர் மகனுக்கு வாங்கிய மூன்று சக்கர ஸ்ட்ரோலர் (குழந்தையை உட்கார வைத்துத் தள்ளும் வண்டி) பரணில் கிடக்கிறது, எடுத்துக்கொள் என்கிறார். முன்னால் ஒரு சக்கரம், பின்னால் இரண்டு பெரிய சக்கரம், எல்லாம் காற்றடிக்கும் டயர். ஓடுகிறவர்கள் வைத்துக்கொள்ளும் மாடல். என் வீட்டுக்காரர், அது ரொம்பப் பெரிசு, குடை மாதிரி மடங்குகிற நாலு சக்கர வண்டியைப் புதிதாக வாங்கிவிடலாம் என்கிறார். கடையில் இரண்டையும் தள்ளிப் பார்த்தேன். டைல்ஸ் தரையில் எல்லா வண்டியும் வெண்ணெய்யாகத்தான் போகிறது. எங்கள் சந்தில் சாக்கடை ஸ்லாப், பாதி பெயர்ந்த பேவர் பிளாக், வீட்டுக்கு வீடு பைக் ஏற்றும் சரிவு. மூன்று சக்கரம் கவிழ்ந்துவிடுமோ என்ற பயமும் இருக்கிறது. இந்தப் பக்கம் யாராவது பயன்படுத்தியிருந்தால் சொல்லுங்கள்.

ஆனையூர் அப்பா:

சகோதரி, நாங்கள் வைத்திருப்பது நாலு சக்கரம்தான், ஆறேழு கிலோ இருக்கும். ஒரு கையில் மடக்கி ஷேர் ஆட்டோவில் ஏறிவிடலாம், ரயிலிலும் சீட்டுக்கு அடியில் போகும். நத்தம் சாலையில் கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்குப் பையனைக் கூட்டிப் போகிறோம், அந்த வழவழத் தரைக்கு அருமை. மீனாட்சி கோயிலைச் சுற்றியுள்ள சித்திரை வீதியில் கல் பாவிய தரை, வண்டி நடமாட்டமும் இல்லை, அங்கேயும் பரவாயில்லை. ஆனால் எங்கள் தெருவில் தள்ள முடியாது. முன் சக்கரம் இரண்டும் உள்ளங்கை அளவுதான், ஒரு ஜல்லி குறுக்கே வந்தால் வண்டி சட்டென்று நின்று பையன் முன்னால் வருகிறான். தெரு முனை வரை தூக்கிக்கொண்டு போய்த்தான் வண்டியில் வைக்கிறேன். எங்கே அதிகம் போவீர்கள் என்பதைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

முனிச்சாலை சைக்கிள்கடை:

தங்கச்சி, நான் முனிச்சாலைப் பக்கம் சைக்கிள் கடை வைத்திருக்கிறேன். அப்பா காலத்துக் கடை. ஸ்ட்ரோலர் விற்பதில்லை, ஆனால் டயர் மாற்ற, பஞ்சர் ஒட்டக் கொண்டுவருகிறார்கள், அதனால் இந்த வண்டிகளின் நல்லது கெட்டது தெரியும். நாத்தனார் கொடுப்பதை வாங்கிக்கொள்ளுங்கள் என்பதுதான் என் கருத்து. ஏன் என்று சொல்கிறேன்.

இந்த வண்டி முதலில் சைக்கிள் சக்கரத்தை வைத்துத்தான் பிறந்தது. 1984-ல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் பில் பெக்லர் என்பவர், தான் ஓடும்போது மகனையும் கூட்டிப்போக வேண்டும் என்று ஸ்ட்ரோலரில் சைக்கிள் சக்கரத்தை மாட்டினார். பேபி ஜாகர் கம்பெனி அதிலிருந்து வந்தது. சக்கரம் பெரிதாக இருந்தால் கல்லின் மேல் ஏறிப் போகும், சிறிதாக இருந்தால் கல்லில் முட்டி நிற்கும். ஆனையூர்த் தம்பிக்கு நடப்பது அதுதான். ஆகவே மூன்றா நாலா என்பதற்கு முன்னால் சக்கரம் எவ்வளவு பெரியது என்று பாருங்கள். கடையில் மூன்று சக்கரம் என்று விற்கிற சிலதில் ஆறு அங்குல பிளாஸ்டிக் சக்கரம் இருக்கும். தோற்றம்தான் ஓடுகிற வண்டி, வேலை ஒன்றும் நடக்காது. அதற்குக் காசு கொடுக்காதீர்கள்.

அடுத்தது காற்று. காற்றடித்த டயர் சின்னச் சின்ன அதிர்ச்சியைத் தானே வாங்கிக்கொள்ளும். எட்டு மாதக் குழந்தையின் கழுத்துக்கு அது எவ்வளவு பெரிய உதவி என்று பெயர்ந்த பேவர் பிளாக்கில் தள்ளிப் பார்த்தால் தெரியும். டயரின் பக்கவாட்டில் அளவும் காற்றும் அச்சிட்டிருக்கும். முன்னால் 12½ x 2¼, பின்னால் 16 அங்குலம் என்று இருந்தால் கவலையே வேண்டாம், இரண்டும் சின்னப் பிள்ளைகள் சைக்கிள் அளவு, மதுரையில் எந்தச் சைக்கிள் கடையிலும் டயரும் டியூபும் கிடைக்கும். வால்வு பெரும்பாலும் பைக் வால்வு மாதிரி இருக்கும், நம்முடைய பழைய சைக்கிள் பம்பு அதில் உட்காராது. கால் பம்பு ஒன்று வாங்கி வையுங்கள். பெட்ரோல் பங்கில் பிடிக்காதீர்கள். டயரில் 30 பி.எஸ்.ஐ. என்று காற்றழுத்த அளவு போட்டிருக்கும், பங்கில் பிடிக்கிற வேகத்தில் இந்தச் சின்ன டியூப் வெடித்துவிடும். போட்டிருக்கிற அளவைவிடக் கொஞ்சம் குறைவாக இருந்தால் இன்னும் மெத்தென்று போகும், ரொம்பக் குறைந்தால் வால்வு வேரோடு பிய்யும்.

நம் ஊரில் இதற்கு எதிரி சீமைக்கருவேல முள். தெப்பக்குளத்து ரோட்டில் அவ்வளவாக இல்லை, வைகைக் கரைப் பக்கம் காலி மனை ஓரமாகப் போனால் கட்டாயம் குத்தும். டியூபுக்குள் ஊற்றுகிற பஞ்சர் திரவம் இருக்கிறது, அதை ஊற்றிவிட்டால் சின்ன ஓட்டையைத் தானே அடைத்துக்கொள்ளும். காற்றே வேண்டாத ஃபோம் டயரும் வருகிறது. பம்பு பிடிக்க ஆளில்லாத வீட்டுக்கு அது சரி. உங்களுக்குக் காற்றைத்தான் சொல்வேன்.

கவிழுமா என்று கேட்டீர்கள். மூன்று கல் வைத்த அடுப்பு எந்த மேடுபள்ளத்திலும் ஆடாமல் நிற்கும், மூன்று சக்கரமும் அப்படித்தான், எல்லாச் சக்கரமும் எப்போதும் தரையில் இருக்கும். ஆபத்து வருவது முன்பக்கத்து மூலையில். முன்னால் ஒரே சக்கரம் என்பதால், சாய்ந்த ரோட்டில் குழந்தை ஒரு பக்கமாக எட்டிப் பார்த்தாலோ, திருப்பத்தில் வேகமாக வளைத்தாலோ அந்தப் பக்கம் சாயும். பெல்ட் போட்டு மெதுவாகத் திரும்பினால் பயமில்லை. பின்னால் கவிழ்வதுதான் நான் அதிகம் பார்த்தது. ஹேண்டிலில் காய்கறிப் பையை மாட்டுவார்கள், குழந்தையைத் தூக்கியதும் வண்டி மல்லாந்துவிடும். பையைக் கீழே இருக்கிற கூடையில் வையுங்கள், எப்போதும்.

இப்போது உங்கள் சந்துக்கு வருகிறேன். இரண்டு விஷயம்.

முன் சக்கரம் சுற்றிலும் திரும்புகிற மாதிரி இருக்கும், அதைப் பூட்ட ஒரு குமிழோ நெம்புகோலோ இருக்கும். சமதரையில் திறந்து விடுங்கள், ஒரு கையால் திருப்பலாம். பெயர்ந்த கல், மண், சரளை வந்தால் பூட்டிவிடுங்கள். பூட்டாமல் போனால் சக்கரம் தானாக வளைந்து ஸ்லாப் இடுக்கில் போய் மாட்டும், கொஞ்சம் வேகமாக நடந்தாலும் வெடவெடவென்று ஆடும். ஸ்லாப் இடுக்கை நேராகத் தாண்டாதீர்கள், ஹேண்டிலை அழுத்தி முன் சக்கரத்தைத் தூக்கி அந்தப் பக்கம் வைத்துவிட்டுத் தள்ளுங்கள். இந்த வண்டியில் அது ரொம்ப எளிது.

பைக் சரிவு வேறு கதை. படிக்கு நடுவில் ஒரு முழ அகலத்துக்குச் சிமெண்டு போட்டிருப்பார்கள். பின் சக்கரம் இரண்டும் அதைவிட அகலம், ஒன்று வெளியே தொங்கும். அதில் ஏற்றவே வேண்டாம். படியில் இறங்கும்போது நீங்கள் முதலில் இறங்கி, பின் சக்கரத்தை ஒவ்வொரு படியாக இறக்குங்கள், குழந்தை மேலே பார்த்து இருக்கும். ஏறும்போதும் நீங்கள் மேலே நின்று பின்னோக்கி இழுங்கள். இதெல்லாம் வாசலில் இருக்கிற இரண்டு மூன்று படிக்குத்தான். மாடிப்படியில் குழந்தையை வைத்து வண்டியைத் தூக்கவே கூடாது.

வண்டி பத்துப் பன்னிரண்டு கிலோ இருக்கும், குழந்தை எட்டு கிலோ. தினமும் மாடிக்கு ஏற்றுவது நடக்கிற காரியமில்லை. மாடிப்படிக்கு அடியில் இடம் கேட்டு, சைக்கிள் செயின் போட்டுப் பூட்டி வையுங்கள். பிஸ்கட் தூளை உதறிவிட்டு வையுங்கள், இல்லாவிட்டால் எலி பெல்ட்டைக் கடித்துவிடும்.

பரணில் கிடந்த வண்டி என்பதால் எடுத்ததும் ஓட்டாதீர்கள். முன் சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிட்டுப் பாருங்கள், கோணல் இருந்தால் அதை இரண்டு பக்கமும் பிடித்திருக்கிற கவை, அதாவது ஃபோர்க்கில் இடிக்கும். ஃபோர்க்கைப் பிடித்து ஆட்டினால் கடகடவென்று சத்தம் வரக்கூடாது. பின் சக்கரம் கழற்றி மாட்டுகிற வகை, மாட்டிய பிறகு வெளியே இழுத்துப் பாருங்கள், அதைப் பூட்டுகிற ஊசி சரியாக விழாவிட்டால் நடுரோட்டில் கழன்றுவிடும். பிரேக் போட்டுவிட்டு இரண்டு பக்கமும் தள்ளிப் பாருங்கள். டயர் ஓரத்தில் வெடிப்பு இருந்தால் மாற்றிவிடுங்கள், ரப்பர் சும்மா கிடந்தாலும் காய்ந்து போகும்.

வார்டு அக்கா:

நான் குழந்தைகள் வார்டில் செவிலியர். அண்ணன் வண்டியைப் பற்றிச் சொல்லிவிட்டார், நான் பாப்பாவைப் பற்றிச் சொல்கிறேன்.

தோள் இரண்டு, இடுப்பு இரண்டு, கால் நடுவில் ஒன்று என்று ஐந்து இடத்தில் பிடிக்கிற பெல்ட் இருக்க வேண்டும், தூங்கினாலும் கழற்றக்கூடாது. இடுப்புப் பெல்ட் மட்டும் போட்டால் எட்டு மாதக் குழந்தை நழுவிக் கீழே வந்துவிடும். பாப்பா உட்காருகிறாள் என்பதால் நிமிர்ந்த சீட் பரவாயில்லை. கழுத்து நிற்காத சின்னக் குழந்தைகளுக்குச் சீட் முழுவதும் படுக்கையாகச் சாய வேண்டும், இதைப் படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். நடப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இதை வைத்து ஓடுவது என்றால் உங்கள் டாக்டரைக் கேட்காமல் வேண்டாம்.

இன்னொன்று, இதை மனதில் வையுங்கள். வெயிலுக்கும் தூசிக்கும் பயந்து முன்பக்கம் துப்பட்டாவைப் போட்டு மூடுவார்கள். மெல்லிய துணியாக இருந்தாலும் காற்றுப் போகாமல் உள்ளே சூடு ஏறும், நமக்கு வெளியிலிருந்து தெரியாது. கத்திரி வெயிலில் மதுரை 40 டிகிரியைத் தொடுகிற ஊர். மேலே இருக்கிற கூரையை இழுத்துவிடுங்கள், முன்பக்கம் திறந்தே இருக்கட்டும். வெயிலில் நிறுத்தியிருந்தால் பெல்ட் பக்கிளைப் புறங்கையால் தொட்டுப் பார்த்துவிட்டு உட்கார வையுங்கள், தொடையில் சுட்டுவிடும். அடிக்கடி பிடரியைத் தொட்டுப் பாருங்கள், வேர்த்திருந்தால் தூக்கிவிடுங்கள்.

தெப்பக்குளத்து அம்மா:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. வண்டி வந்துவிட்டது. அண்ணன் சொன்ன மாதிரி ஒவ்வொன்றாகப் பார்த்தோம். முன் டயர் 12½ x 2¼, பின்னால் 16 x 1.75. ஃபோர்க்கில் ஆட்டம் இல்லை, பிரேக் இரண்டு பக்கமும் பிடிக்கிறது. பெல்ட் ஐந்து பிடிதான். பின்னால் வலது டயரில் மட்டும் ஓரமாக மெல்லிய வெடிப்பு. அகலம் 24 அங்குலம், வாசல் நிலை 30, தாராளமாக வருகிறது. கீழ்வீட்டு அத்தை மாடிப்படிக்கு அடியில் இடம் தந்துவிட்டார்.

ஒரு சந்தேகம். காலி வண்டியைச் சந்தில் தள்ளிப் பார்த்தேன். முன் சக்கரத்தைப் பூட்டினால் வண்டி கொஞ்சம் கொஞ்சமாக இடது பக்கம் இழுக்கிறது. திறந்துவிட்டால் சரியாகப் போகிறது. ஃபோர்க் வளைந்திருக்குமா அண்ணே?

முனிச்சாலை சைக்கிள்கடை:

அதற்குள் ஃபோர்க் வளைந்துவிட்டது என்று முடிவு கட்ட வேண்டாம். முதலில் பின் டயர் இரண்டிலும் காற்று ஒரே அளவா என்று பாருங்கள், ஒன்றில் குறைந்தால் வண்டி அந்தப் பக்கம்தான் இழுக்கும். சரியாக இருந்தால், முன் சக்கரத்தைக் கழற்றி நேராக அச்சில் உட்கார வைத்து மறுபடி இறுக்குங்கள். அதற்கும் அடங்காவிட்டால் முன் ஃபோர்க் பக்கம் ஒரு சின்னத் திருகு இருக்கிறதா என்று பாருங்கள், சில மாடல்களில் நேர்கோட்டைச் சரிசெய்ய அதை வைத்திருப்பார்கள். கால் சுற்று திருப்பி, தள்ளிப் பார்த்து, மறுபடி திருப்புங்கள்.

வெடித்த டயரோடு சுற்ற வேண்டாம், இரண்டு பின் டயரையும் சேர்த்தே மாற்றுங்கள், ஒன்று புதிது ஒன்று பழையது என்றால் மறுபடி இழுக்கும். டியூப் வாங்கும்போது பழைய டியூபை எடுத்துப் போய் வால்வு நீளத்தைக் காட்டி வாங்குங்கள்.