பாஞ்சாலங்குறிச்சிக்கு ஒரு கச்சை

பழைய காலத்து உடுப்பையோ நகையையோ அந்தக் காலத்துப் பொருளைக் கொண்டே செய்து பார்த்தவர்கள் எழுதுங்கள் என்று கேட்டிருந்தீர்கள். என் கதை கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பாளையங்கோட்டையில் தையல் கடை வைத்திருக்கிறேன். ஆண்டுவிழா மாதங்களில் ராஜா உடுப்பு, பாரதமாதா உடுப்பு என்று வெல்வெட்டும் ஜிகினாவும்தான் பிழைப்பு. ஒரு தடவை கல்லூரி வரலாற்றுத் துறையிலிருந்து நாடகத்துக்கு உடுப்பு கேட்டு வந்தார்கள். 1799 அக்டோபர் 16, கயத்தாறில் கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட நாள்தான் கதை. "அக்கா, அந்த வருஷத்தில் இருந்திருக்கக்கூடிய பொருள் மட்டும் போதும்" என்றார் பேராசிரியை. கட்டபொம்மனுக்கு மட்டும் வாடகை உடுப்பு. சினிமாவில் பார்த்தது மாதிரி இல்லாவிட்டால் சபை ஒத்துக்கொள்ளாது என்று மேலே யாரோ பயந்துவிட்டார்கள். எனக்கு விட்டது நாலு படைவீரர்களும் சந்தையில் நிற்கும் ஒரு பெண்ணும்.

முதலில் எதெது கூடாது என்று கழித்துப் பார்த்தேன். தையல் மிஷின் ஹோவும் சிங்கரும் 1846, 1851இல் காப்புரிமை வாங்கிய பிறகு வந்தது, அது போச்சு. ஊக்கு 1849, அதுவும் போச்சு. லண்டனில் பதினெட்டு வயசுப் பையன் பெர்கின் செயற்கையாக ஊதாச் சாயம் கண்டுபிடித்தது 1856இல், ஆகவே பாக்கெட் சாயம் எதுவும் ஆகாது. தையற்காரியிடமிருந்து மிஷினையும் ஊக்கையும் பிடுங்கிவிட்டால் அவளிடம் என்ன மிச்சம்? ஊசி மட்டும்தான். நல்லவேளை, நான் எடுத்துக்கொண்ட வீரர்களுக்குத் தைத்த துணி அதிகம் இல்லை. வேட்டி, இடுப்பை இறுக்கிக் கட்டும் கச்சை, தலைப்பாகை, எல்லாமே சுற்றுவதும் கட்டுவதும்தான்.

துணிக்கு வீரவநல்லூர் போனேன். செடிபுட்டா சேலைக்குப் புவிசார் குறியீடு வாங்கிய ஊர். கோரா நிறத்தில் சாதாக் கைத்தறித் துணி கேட்டதும் நெசவுக்கார அண்ணாச்சி, "கரை இல்லாம, பூ இல்லாம யாரும்மா கேக்கா?" என்று சிரித்தார். அங்கேயே ஒரு தோல்வி. தறி கைத்தறிதான், ஆனால் பாவும் ஊடையும் ஆலை நூல். நம் பக்கம் முதல் ஆலையை பாபநாசம் அடிவாரத்தில் ஹார்வி கம்பெனி 1885இல் கொண்டுவந்தது. 1799இல் ஒவ்வொரு இழையும் கையால் நூற்றது. கருங்கண்ணிப் பருத்தியைக் கையால் நூற்றுத் தரச் சொல்லி விலை கேட்டேன். அந்தக் காசுக்கு நாடகத்தையே இரண்டு தடவை போடலாம். பேசாமல் ஆலை நூல் துணியையே வாங்கிக்கொண்டு வந்தேன்.

சாயத்தில்தான் நன்றாக அடிபட்டேன். துணியைக் கஞ்சி போக அலசி, கடுக்காய்த் தண்ணீரில் ஊறப்போட்டு, வெயிலில் காயவைத்து, படிகாரத்தில் முக்கி, பிறகு மஞ்சிட்டி வேரோடு கொதிக்க வைக்க வேண்டும். எல்லாம் நாட்டு மருந்துக் கடையிலேயே கிடைத்தது. முறையில் தப்பில்லை, பாத்திரத்தில்தான் தப்பு. கல்யாண வீட்டு இரும்புச் சட்டி பெரிதாக இருக்கிறதே என்று அதில் கொதிக்க வைத்துவிட்டேன். கடுக்காய்த் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் கறுப்பு வரும். செக்கச்செவேல் என்று வரவேண்டிய தலைப்பாகை கருவாட்டு நிறத்தில் வந்தது. "செம்புப் பானை பரணில் கிடக்கே, கேட்டியா?" என்றாள் அம்மா. கேட்கவில்லை. இரண்டாவது தடவை செம்புப் பானையில் வைத்தேன், நல்ல காவி கலந்த சிவப்பு வந்தது. கருவாட்டு நிறத்துத் துணியையும் வீணாக்கவில்லை. ஒரு வீரனுக்கு அதையே கட்டிவிட்டேன், வெயிலில் நின்றவன் மாதிரி பொருத்தமாகத்தான் இருந்தது.

நீலத்துக்கு நடந்தது இன்னும் கேவலம். சாத்தான்குளம் பக்கம் தெரிந்தவர் ஒருவரிடம் "அவுரி இலை ஒரு மூட்டை வேணும்" என்று சொல்லிவிட்டேன். வந்தது. சுண்ணாம்பு, தகரை விதை எல்லாம் போட்டு நான்கு நாள் ஊறவைத்தும் நீலம் வரவில்லை. நாற்றம் மட்டும் தெருக்கோடி வரை போயிற்று. விசாரித்தால், அந்தப் பக்கம் அவுரி என்றாலே ஏற்றுமதிக்குப் போகும் நிலாவாரைதானாம், மலச்சிக்கலுக்குக் கொடுப்பதே அந்த இலைதான். சாயத்துக்கு உரியது நீல அவுரி. முன்னால் ஒரு 'நீல' சேர்த்துக் கேட்டிருந்தால் மிச்சமாகியிருக்கும் பணத்தைச் சொன்னால் என் வீட்டுக்காரர் இதைப் படித்துவிடுவார். பிறகு நீலக்கட்டி வாங்கித் தொட்டி போட்டேன். தொட்டியிலிருந்து எடுக்கும்போது பச்சையும் மஞ்சளுமாக வந்த துணி, காற்றுப் பட்டதும் கண்முன்னாலேயே நீலமாக மாறியது. ஒன்பது தடவை முக்கினேன். நிறத்துக்காக ஐந்து தடவை, மிச்சம் அந்த மாற்றத்தைப் பார்ப்பதற்காக.

சந்தைப் பெண்ணுக்கு ரவிக்கை வைத்தேன், ஒத்துக்கொள்கிறேன். என் ஆச்சியே கடைசிவரை ரவிக்கை போட்டதில்லை, 1799இல் எங்கே? ஆனால் மேடையில் நிற்கப்போவது பத்தொன்பது வயசுப் பிள்ளை. கையாலேயே தைத்தேன் என்பதைத் தவிர அதில் உண்மை எதுவும் இல்லை.

கடைசியாகக் கச்சை. கிருஷ்ணாபுரம் கோவில் சிற்பங்களைப் போய்ப் பார்த்தேன். இடுப்புத் துணியின் மடிப்பு, முடிச்சு, குஞ்சம் வரை கல்லில் இருக்கிறது. ஆனால் அது நாயக்கர் காலம், கட்டபொம்மனுக்கு இருநூறு வருஷம் முந்தியது. அதோடு கல், முடிந்த முடிச்சைத்தான் காட்டும், முடிகிற விதத்தைக் காட்டாது. பையன்கள் கட்டிப் பார்த்தார்கள், நாலு எட்டு நடந்ததும் கச்சை தொடைக்கு இறங்கிவிட்டது. "ஒரே ஒரு ஊக்கு மட்டும் குத்திக்கிடுதோம்" என்று கெஞ்சினார்கள்.

அந்த வாரம் பக்கத்து ஊரில் சுடலைமாடன் கோவில் கொடை விழா. சாமியாடும் கோமரத்தாடி அண்ணாச்சிக்குப் புதுச் சல்லடம், அதாவது அரைக்கால்சட்டை, தைத்துக் கொடுக்கப் போயிருந்தேன். அவர் கச்சை கட்டுவதை எத்தனையோ வருஷமாகப் பார்த்திருக்கிறேன், அன்றுதான் கவனித்தேன். துணியை அவர் இடுப்பில் சுற்றவே இல்லை. ஒரு நுனியை இடுப்பில் பிடித்துக்கொண்டார். மறு நுனியைத் தூரத்தில் ஒருவர் விறைப்பாக இழுத்துப் பிடித்திருந்தார். அண்ணாச்சி சுழன்று சுழன்று துணிக்குள் வந்தார். விஷயத்தைச் சொன்னேன். "துணியை ஆள்மேல சுத்தினா அவுந்துரும் தாயி. ஆளு துணிக்குள்ள சுத்தணும்" என்றார். மறுநாள் ஒத்திகைக்கே வந்து நாலு பையன்களையும் சுழலவைத்துக் கட்டிக் காட்டினார். குதித்துப் பார்த்தார்கள், புரண்டு பார்த்தார்கள், கச்சை அசையவில்லை.

— பாளையங்கோட்டை ஊசி

ஊசி அக்காவுக்கு: குல்லாய் பற்றியும் சொல்லியிருக்கலாம். திருப்புடைமருதூர் கோவில் கோபுரத்துக்குள் ஏறி ஓவியங்களைப் பார்த்தால், குதிரை ஏற்றிவரும் கப்பல் படத்தை விட்டு நகர மனசு வராது. ஆனால் நான் பார்க்கப் போனது தலைகளை. நாயக்கர் கால ஆட்கள் உயரமான குல்லாய் வைத்திருப்பார்கள். கொடையில் சாமியாடி வைப்பதும் நீள வாக்கில் உயர்ந்த குல்லாய்தான், பெயரும் அதேதான். துணியில் தைத்துப் பார்த்தேன், நிற்காமல் சரிந்தது. உள்ளே பனை ஓலை வைத்த பிறகு நின்றது.

— அம்பை ஆத்துக்கரை

நான் செய்தது பாம்படம், வளர்த்த காதில் தொங்கவிடும் பெரிய நகை. எங்கள் பூட்டி போட்டிருந்ததைப் போட்டோவில் பார்த்து, அதே அளவில் பித்தளையில் வார்த்தேன். கெட்டிப் பித்தளை, தூக்கவே முடியவில்லை. பிறகுதான் ஒரு நகை ஆசாரி சொன்னார், பாம்படம் உள்ளே கூடு, பொன் தகட்டுக்குள் அரக்கு நிரப்புவது என்று. சரி, தகட்டில் செய்து அரக்கு ஊற்றினேன், எடை சரியாக வந்தது. ஆனால் எந்தக் காதில் மாட்டுவது? நூலில் கட்டி என் காதின்மேல் தொங்கவிட்டுக்கொண்டு தெருவில் ஒரு ஆச்சியிடம் காட்டினேன். அவர்கள் காது தோள்வரை தொங்கும், நகையை எப்போதோ விற்றாயிற்று. என் காதைப் பிடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்கள்: "பஞ்சு வச்சு, குணுக்குப் போட்டு, காது வளக்கதுக்கே வருஷம் போவும். காத வளக்காம பாம்படம் கேக்கியாட்டீ?"

— நாங்குநேரி மருமகள்

என்னுடையது இரண்டாயிரம் வருஷத்துக்கும் மேலே. ஆதிச்சநல்லூரில் தொல்லியலாளர் அலெக்சாந்தர் ரீ தோண்டி எடுத்த பொன் நெற்றிப்பட்டங்களைப் பார்த்து, பித்தளைத் தகட்டில் மகளின் பள்ளிக் கண்காட்சிக்குச் செய்தேன். முதலில் கொக்கி வைத்தேன், தப்பு. மூலத்தில் இரண்டு முனையிலும் துளைதான் உண்டு, நூல் கோத்துக் கட்டுவது. அதையும் திருத்தி மகள் நெற்றியில் கட்டப் போனேன். அம்மா பாய்ந்து பிடுங்கிவிட்டார். "தாழியில செத்தவுகளோட வச்சதுன்னு நீதானல சொன்ன? நெத்திக்காசு மாதிரி அது. பிள்ள நெத்தியில கட்டுவியா?" கண்காட்சியில் பட்டத்தை ஒரு மண்பானைக்குக் கட்டி வைத்தோம்.

— சீவைகுண்டம் அணை

ஊசி அக்கா, மேடையில் என்ன ஆச்சு என்று சொல்லவே இல்லையே?

— அம்பை ஆத்துக்கரை

சொல்கிறேன். வாடகைக் கட்டபொம்மன் வந்தபோது விசில். என் நாலு பேரும் வந்தபோது முன்வரிசை சும்மா இருந்தது. பின்வரிசையில் பையன்களின் ஊர்க்காரப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். செவப்புத் தலைப்பாகையையும் அந்தக் கச்சைக் கட்டையும் பார்த்ததும் ஒரு ஆச்சி நாக்கைச் சுழற்றிக் குரவை போட்டார்கள். ஒன்று தொடங்கினால் நிற்குமா, மொத்த வரிசையும் போட்டது. வெள்ளைக்காரத் துரையாக நடித்த பையன் தண்டனை வாசிக்கக் கடுதாசியைக் கையில் பிடித்தபடி, குரவை அடங்கும் வரை நின்றுகொண்டே இருந்தான்.

— பாளையங்கோட்டை ஊசி