மழைய சார்ட்ல எழுத இடம் போட்டுக் குடுத்த அனுபவம்

நான் மலேசியா பேராக்ல இருக்கற ஊத்தான் மெலிந்தாங். இங்க சுத்திலும் செம்பனைதான், பாமாயில் எடுக்கற மரம், அதனால எங்க ஊர்ல பங்கு வாங்கறவங்க முக்காவாசி பேரு யுனைடெட் பிளான்டேஷன்ஸ், கேஎல்கே மாதிரி தோட்ட கம்பெனி பங்கத்தான் பாப்பாங்க.

எங்க டீக்கடைக்கு வர்ற பழைய கிராணி (தோட்ட கணக்குப்பிள்ளை) ஐயா ஒருத்தரு, தோட்ட ஆபிஸ்ல மழை அளந்து எழுதுன பழக்கம் விடாம, இன்னும் வீட்டு வாசல்ல மழைமானி வச்சு தினம் நோட்டுல மில்லிமீட்டர் எழுதறாரு. போன வாரம் பங்கு விலை சார்ட் இருந்த லேப்டாப்ப என் பக்கம் தள்ளி, "தம்பி, விலைக்கு கீழ மழைய எழுதணும்பா, எழுதுனா கேண்டில் மறைஞ்சிடுது, ஒரு வழி பண்ணு"ன்னாரு. கேண்டில்னா சார்ட்ல ஒவ்வொரு நாள் விலையையும் காட்டற சின்ன கட்டை.

அருமையான யோசனை அது. வறட்சி வந்தா செம்பனை பழக்குலை உடனே குறையாது, ஆறு மாசம் கழிச்சும் தெரியலாம் ரெண்டு வருஷம் கழிச்சும் தெரியலாம், அதுக்குள்ள மழை இல்லாத மாசத்த நம்ம மறந்துருவோம், விலைக்கு கீழயே எழுதியிருந்தா கண்ணுல பட்டுக்கிட்டே இருக்கும்.

ஐயா சார்ட் பாக்கறது டிரேடிங்வியூங்கற தளத்துல. அதோட செட்டிங்ஸ்ல கேன்வாஸ் போனா மார்ஜின், அதாவது ஓரத்துல காலியா விடற இடம், இருக்கு, கீழ 25, மேல 20 சதவீதம், வலது பக்கம் 40 பார் (40 கேண்டில் அளவு இடம்) போட்டேன். ஆனா அந்த கீழ் இடத்துல வால்யூம், அதாவது எத்தன பங்கு கைமாறுச்சுன்னு காட்டற கட்டைங்க, வந்து உக்காந்துக்கும், அத கீழ தனி பேனுக்கு (தனி கட்டத்துக்கு) இறக்குனாதான் இடம் காலியாகும். விலை அச்ச கையால இழுத்துட்டா மார்ஜினும் போயிடும், அச்சு மேல ரெண்டு தட்டு தட்டுனா திரும்ப வந்துரும்.

மேல விட்ட இடம் சேதிக்கு. 2022 ஏப்ரல் 28 இந்தோனேசியா பாமாயில் ஏற்றுமதிய நிறுத்துச்சு, மே 23 திரும்ப தொறந்துச்சு, ரெண்டையும் மேல எழுதி கேண்டில் வரைக்கும் ஒரு கோடு இறக்கியாச்சு. எழுதற டூல் ரெண்டு இருக்கு: சாதா டெக்ஸ்ட் அந்த தேதியோடவே நகரும், ஆங்கர்ட் டெக்ஸ்ட் எங்க நகத்துனாலும் ஸ்கிரீன்ல அதே இடத்துல நிக்கும், அதனால மழைக்கு சாதாதான் சரி. அந்த டெக்ஸ்டோட செட்டிங்ஸ்ல விசிபிலிட்டி போயி டெய்லி மட்டும் டிக் பண்ணுங்க, வீக்லிக்கு மாறுனா எழுத்தெல்லாம் ஒன்னு மேல ஒன்னு ஏறிக்கும்.

வலது பக்கம் எதுக்குன்னு ஐயா கேட்டாரு. குலை எப்ப குறையும்னு நீங்க நினைக்கறத இப்பவே அங்க எழுதுங்க ஐயா, விலை அங்க வந்து சேரும்போது பாத்துக்கலாம்னேன், உடனே கண்ணாடிய மாட்டிக்கிட்டு எழுத ஆரம்பிச்சிட்டாரு.

போன்ல இந்த இடமெல்லாம் சுருங்கிடுது, போன்லயே சார்ட் பாக்கறவங்க எப்படி வச்சிருக்கீங்கன்னு எழுதுங்க, ஐயாவுக்கு அதுலயும் வேணுமாம்.