பள்ளிக்கூடத்துக்கு இந்த வருஷம் பொருள் வேண்டாம், ஆள் வேண்டும்

அன்புள்ள ஊர்ச் சொந்தங்கள் எல்லாருக்கும் வணக்கம்.

காலாண்டு விடுமுறை முடிந்து நம் ஊர் அரசு உயர்நிலைப்பள்ளி திறந்துவிட்டது. போன வாரம் தோஹாவில் இருக்கும் நம் தம்பி "நம் பள்ளிக்கு இன்னொரு ஸ்மார்ட் டிவி வாங்கித் தரலாமா" என்று இந்தக் குழுவில் கேட்டிருந்தார். அதற்கு மஸ்கட்டிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் ஆளுக்கொரு பதில் வந்து, கடைசியில் எத்தனை அங்குலம் வாங்குவது என்பதில் போய் நின்றது. அவருடைய நல்ல மனசு எனக்குத் தெரியும். ஆனால் நான் விடுப்பில் ஊரில் இருந்தபோது பள்ளிக்குப் போய் ஆசிரியர்கள், சத்துணவு அக்கா, பெற்றோர்கள் என்று எல்லாரோடும் உட்கார்ந்து பேசிவிட்டு வந்தவன் என்பதால் நேராகவே சொல்லிவிடுகிறேன்: டிவி வேண்டாம். ஹைடெக் லேப் இருக்கிறது, திரை இருக்கிறது, கம்ப்யூட்டர் இருக்கிறது. அவற்றைப் போட்டுப் பாடம் நடத்தத்தான் ஆள் குறைந்துகொண்டே வருகிறது.

முதலில் யார் போனார்கள், யார் வந்தார்கள் என்பதைச் சொல்கிறேன், பலருக்குத் தெரியாது.

ஹெச்.எம். சார் பதவி உயர்வில் மேல்நிலைப்பள்ளித் தலைமையாசிரியர் ஆகிவிட்டார். கலந்தாய்வில் வேறு மாவட்டம் கிடைத்து அங்கே போய்ச் சேர்ந்துவிட்டார். சந்தோஷம்தான், அவருக்குச் சேர வேண்டியது. ஆனால் அவர் இடத்துக்கு இன்னும் யாரும் வரவில்லை. மூத்தவர் என்பதால் தமிழம்மாதான் பொறுப்புத் தலைமையாசிரியர். நான் போன அன்று அவர் ஒரு கையால் மாற்றுச் சான்றிதழில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார், மேசைக்கு இந்தப் பக்கம் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் இரண்டு பேர் நின்று மனப்பாடச் செய்யுள் ஒப்பித்துக்கொண்டிருந்தார்கள், நடுவில் கல்வித்துறையின் எமிஸ் இணையதளத்தில் ஏதோ ஒரு விவரம் ஏறவில்லை என்று போன் வருகிறது. ஒரு வரி விட்டுப்போனதும் நிமிர்ந்து பார்க்காமலே "நடுவுல ஒரு வரியக் காணோமே" என்றார். பொறுப்பு ஹெச்.எம். என்பதற்காகப் பாட வேளை குறையாது, சம்பளமும் பெரிதாகக் கூடாது, ஆனால் கூட்டம், ஆய்வு, சான்றிதழ், வங்கி எல்லாம் அவர் தலையில். இந்த அம்மா ஒருவர் அசந்துபோனால் பத்தாம் வகுப்புத் தமிழும் பள்ளி நிர்வாகமும் சேர்ந்து நிற்கும்.

அடுத்து கணக்கு சார். நம்மில் பாதிப் பேருக்கு அல்ஜீப்ரா சொல்லிக்கொடுத்தவர் ஓய்வு பெற்றுவிட்டார். ஆசிரியர்களின் ஓய்வு வயதை 58-லிருந்து 2020-ல் 59 ஆகவும் 2021-ல் 60 ஆகவும் அரசு உயர்த்தியது இல்லையா, அதனால் நம் பிள்ளைகளுக்கு அவர் இரண்டு வருஷம் கூடுதலாகக் கிடைத்தார். வயது முடிந்தது கல்வியாண்டின் நடுவில் என்பதால் மறுநியமனத்தில் ஆண்டுக் கடைசி வரை இருந்து, பத்தாம் வகுப்பைத் தேர்வு எழுத வைத்துவிட்டுத்தான் போனார். மாநில அளவில் 2025 பத்தாம் வகுப்புத் தேர்ச்சி 93.80 சதவீதம், நம் பள்ளியில் ஒரே ஒரு பையனைத் தவிர எல்லாரும் தேறினார்கள், அவனும் துணைத்தேர்வில் முடித்துவிட்டான். அதில் சாருடைய காலை வகுப்புகளுக்குப் பெரிய பங்கு உண்டு. பொங்கலுக்கு ஊருக்கு வருகிறவர்கள் அவரை அழைத்து ஒரு மரியாதை செய்யாமல் திரும்பக் கூடாது என்பது என் விருப்பம்.

அவர் இடத்தில் பள்ளி மேலாண்மைக் குழு வழியாகத் தற்காலிக ஆசிரியராக ஒருவரைப் போட்டிருக்கிறார்கள், நம் ஊர் மருமகள்தான். பி.எஸ்சி., பி.எட்., ஆசிரியர் தகுதித் தேர்வும் (டெட்) முடித்துவிட்டு ஆசிரியர் தேர்வு வாரியத்தின் அடுத்த அறிவிப்புக்காகக் காத்திருக்கும் பெண். தொகுப்பூதியம் மாதம் 15,000 ரூபாய், அதுவும் நிதி வந்தால்தான் கைக்கு வரும். நன்றாகச் சொல்லிக்கொடுக்கிறார் என்று பிள்ளைகளே சொல்கிறார்கள். எட்டாம் வகுப்பில் ஏழெட்டுப் பேரை மதியம் சாப்பாடு முடிந்ததும் வேப்பமரத்தடியில் உட்கார வைத்து என்.எம்.எம்.எஸ். தேர்வுக்குப் பயிற்சி கொடுக்கிறார், இதை அவரிடம் யாரும் கேட்கவில்லை. அந்தத் தேர்வில் தேறினால் ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை வருஷத்துக்கு 12,000 ரூபாய் உதவித்தொகை. கூலிக்குப் போகிற வீட்டில் ஒரு பெண் பிள்ளையின் படிப்பு பத்தாவதோடு நிற்காமல் இருக்க அந்தப் பணம் போதும்.

பி.டி. சார் இன்னும் பகுதிநேர ஆசிரியராகத்தான் இருக்கிறார். 2012-ல் தமிழ்நாடு முழுக்கப் பதினாறாயிரத்துச் சொச்சம் பேரை மாதம் 5,000 ரூபாயில் எடுத்தார்களே, அந்தக் கூட்டத்தில் வந்தவர். வாரத்துக்கு மூன்று அரை நாள் வந்தால் போதும் என்பது கணக்கு, ஆனால் இவர் குறுவட்டப் போட்டி நெருங்கினால் தினமும் வந்து நிற்கிறார். பெண்கள் கபடி அணி இந்த வருஷம் நன்றாக ஆடியது.

ஆசிரியர்கள் மத்தியில் இப்போது பெரிய கவலை தகுதித் தேர்வு பற்றியது. 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பின்படி, ஒன்று முதல் எட்டு வரை பாடம் எடுக்கும் ஆசிரியர்களில் ஓய்வுக்கு ஐந்து வருஷத்துக்கு மேல் இருப்பவர்கள் இரண்டு வருஷத்துக்குள் டெட் தேர்ச்சி பெற வேண்டும், ஐந்து வருஷத்துக்குக் குறைவாக இருப்பவர்கள் வேலையில் தொடரலாம், பதவி உயர்வு மட்டும் கிடையாது. தமிழ்நாட்டில் முதல் டெட் நடந்ததே 2012-ல்தான். அதற்கு முன்பே வேலைக்கு வந்து, இத்தனை வருஷம் பாடம் நடத்திய இரண்டு பேர் நம் பள்ளியில் இருக்கிறார்கள். ஒருவர் அறந்தாங்கி பஸ்ஸில் வரும்போதும் போகும்போதும் வழிகாட்டி நூலை மடியில் வைத்துப் படிக்கிறார். இந்த நேரத்தில் ஊர்க்காரர்கள் யாரும் அவர்களிடம் "என்ன டீச்சர், பாஸ் பண்ணிருவீங்களா" என்று விளையாட்டாகக்கூடக் கேட்க வேண்டாம். உங்கள் வீட்டுப் பெரியவர்களிடமும் சொல்லி வையுங்கள்.

இனி கட்டடத்தின் கதை. 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் அடித்து சைக்கிள் நிறுத்தத்தின் தகரம் பறந்து, தென்னை எல்லாம் சாய்ந்த பிறகு நாம் எல்லாரும் காசு போட்டுப் பெண் பிள்ளைகளின் கழிப்பறையைப் புதுசாகக் கட்டிக்கொடுத்தோம். டைல்ஸ் இன்னும் நன்றாக இருக்கிறது, தண்ணீர் வருகிறது, நம் சங்கத்தின் பெயர்ப் பலகையும் அப்படியே இருக்கிறது. இரண்டு அறைகளில் பூட்டுத் தொங்குகிறது. காரணம், சுத்தம் செய்து வந்த அம்மாவுக்கு முடியாமல் போய் நின்றுவிட்டார், அவருக்குக் கொடுத்த தொகைக்கு வேறு யாரும் வர மறுக்கிறார்கள். ஊராட்சியில் போய்க் கேட்கலாம் என்றால், 2025 ஜனவரியோடு பதவிக்காலம் முடிந்து தலைவரும் இல்லை, உறுப்பினர்களும் இல்லை, தனி அலுவலர் பொறுப்பில் ஓடுகிறது. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் இருக்கிறார்கள் என்று ஒரு தாய் என்னிடம் சொன்னார். ஏன் என்று நான் விளக்க வேண்டியதில்லை. இந்த ஒரு விஷயம் எனக்கு மனசு ஆறவே இல்லை.

சாப்பாடு பற்றியும் ஒரு வார்த்தை. காலை உணவுத் திட்டம் ஐந்தாம் வகுப்பு வரைதான். தொடக்கப்பள்ளியில் காலையில் உப்புமாவும் பொங்கலும் சாப்பிட்டுப் பழகிய பிள்ளை ஆறாம் வகுப்புக்கு நம் உயர்நிலைப்பள்ளிக்கு வந்ததும் அது நின்றுபோகிறது. விடிகாலையில் அப்பா அம்மா இருவரும் வேலைக்குப் போகிற வீடுகளில் மதியச் சத்துணவுதான் அன்றைய முதல் சாப்பாடு. பத்தாம் வகுப்புக்கு மாலை வகுப்பு தொடங்கப் போகிறது, அப்போது சுண்டலோ பச்சைப்பயறோ அவித்துக் கொடுத்தால்கூடப் பெரிய உதவி. சத்துணவு அக்கா தான் செய்து தருவதாகச் சொல்கிறார், சாமான் மட்டும் நாம் கொடுத்தால் போதும்.

இதையெல்லாம் விட முக்கியமானது ஒன்று இருக்கிறது, அதைச் சொன்னால் சிலருக்கு வருத்தமாக இருக்கும், இருந்தாலும் சொல்கிறேன். ஒவ்வொரு வருஷமும் ஆகஸ்ட் 1 அன்று பள்ளியில் எத்தனை பிள்ளைகள் என்று பார்த்துத்தான் ஆசிரியர் பணியிடத்தை நிர்ணயம் செய்கிறார்கள். எண்ணிக்கை குறைந்தால் உபரி என்று காட்டி, பணி நிரவலில் ஆசிரியரை வேறு பள்ளிக்கு அனுப்பிவிடுவார்கள். அப்புறம் நாம் என்ன கொடுத்தாலும் அந்த இடம் திரும்பி வருவது கடினம். இப்போது காலையில் நம் தெருவுக்குள் மூன்று தனியார் பள்ளி வேன் வருகிறது. அதில் ஏறுகிற பிள்ளைகள் பெரும்பாலும் யார்? இந்தக் குழுவில் இருக்கும் நம் அண்ணன் தம்பி, அக்கா தங்கச்சி வீட்டுப் பிள்ளைகள். வெளிநாட்டுப் பணம் வருகிற வீடுதான் முதலில் வேனுக்குக் காசு கட்டுகிறது. யாருடைய பிள்ளையை எங்கே படிக்க வைப்பது என்பது அவரவர் விருப்பம், அதில் தலையிட எனக்கு உரிமை இல்லை. ஆனால் விவரம் தெரிந்து முடிவெடுங்கள்.

அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்த பிள்ளைக்குத்தான் மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு, 2020-ல் வந்தது. அடுத்த வருஷமே பொறியியல், வேளாண்மை போன்ற படிப்புகளுக்கும் வந்துவிட்டது. கல்லூரி போனால் பெண் பிள்ளைக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய், பையனுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் அதே 1,000. இதற்கும் ஆறாம் வகுப்பிலிருந்து படித்திருக்க வேண்டும். "எட்டு வரைக்கும் இங்கிலீஷ் மீடியத்துல படிக்கட்டும், ஒன்பதாவதுல கொண்டுவந்து சேத்துக்கலாம்" என்று பேசுகிற வீடுகளை நானே பார்த்தேன். அப்படிச் செய்தால் பொதுவாக இந்தச் சலுகை எதுவும் கிடைக்காது. இந்த வருஷம் ஐந்தாம் வகுப்பில் இருக்கும் பிள்ளை உங்கள் குடும்பத்தில் இருந்தால், மச்சானிடமோ மதினியிடமோ ஒரு தடவை போன் போட்டுப் பேசுங்கள். அது ஒரு டிவியை விடப் பெரிய உதவி.

சரி, இப்போது பணம். என் யோசனை இது. ஒரே தடவையாக வசூல் பண்ணி ஒரு பொருள் வாங்கி, போட்டோ எடுப்பதை இந்த வருஷம் விட்டுவிடுவோம். மாதா மாதம் ஒரு தொகை, சங்கத்திலிருந்து மேலாண்மைக் குழுத் தீர்மானத்தோடு கொடுப்போம். கழிப்பறையைச் சுத்தம் செய்ய ஒருவருக்குக் கௌரவமான மாதச் சம்பளம், மார்ச்சில் பொதுத்தேர்வு வரும் வரை மாலைச் சுண்டல், கணக்கு டீச்சருக்கு ஊதியம் தாமதமாகிற மாதத்தில் ஒரு முன்பணம் (நிதி வந்ததும் அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம்). 2024-ல் மேலாண்மைக் குழுக்களை மாற்றியமைத்தபோது முன்னாள் மாணவர்களையும் சேர்த்தார்களே, நம் ஊரிலேயே இருக்கும் நம் ஆட்கள் அதில் இருக்கிறார்கள். அவர்கள் கணக்கு எழுதிக் குழுவுக்கு மாதம் ஒருமுறை அனுப்பச் சம்மதித்துவிட்டார்கள். இதற்கும் மேலே பெரிய தொகை கொடுக்க நினைப்பவர்கள், 2022 டிசம்பரில் அரசு தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊருப் பள்ளி' தளத்தில் பள்ளியைத் தேடி நேராகவே கொடுக்கலாம்.

ஒரு எச்சரிக்கை. இந்தியக் குடியுரிமை உள்ளவர் எந்த நாட்டில் இருந்தாலும், தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. ஆனால் சிங்கப்பூர், மலேசியா, இங்கிலாந்து என்று அந்த நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டவர்கள் தருவது, இந்திய வம்சாவளியினருக்கான ஓ.சி.ஐ. அட்டை இருந்தாலும், சட்டப்படி வெளிநாட்டு நன்கொடைதான். வெளிநாட்டு நன்கொடை வாங்குவதற்கான எஃப்.சி.ஆர்.ஏ. பதிவு இல்லாத நம் சங்கம் அவர்கள் பணத்தை வாங்கக் கூடாது. ஊரில் உள்ள சொந்தக்காரர் கணக்கில் போட்டுச் சங்கத்துக்குத் திருப்பிவிடலாம் என்று தயவுசெய்து யாரும் யோசிக்க வேண்டாம், சங்கத்துக்கே சிக்கல் வரும். அந்தச் சித்தப்பாக்களும் அக்காக்களும் தங்கள் நேரத்தைக் கொடுங்கள். பத்தாம் வகுப்பு முடித்து அடுத்து என்ன குரூப் எடுப்பது என்று தெரியாமல் நிற்கும் பிள்ளைகள் நிறைய இருக்கிறார்கள், தமிழம்மா சனிக்கிழமை காலையில் ஹைடெக் லேபில் வீடியோ கால் ஏற்பாடு செய்து தருவதாகச் சொன்னார். நர்ஸ் வேலையில் இருப்பவர்கள், கப்பலில் இருப்பவர்கள், வெல்டிங் ஆய்வாளர்கள், எல்லாரும் உங்கள் வேலை என்ன, அதற்கு என்ன படிக்க வேண்டும், எங்கே ஏமாற்றுவார்கள் என்று அரை மணி நேரம் பேசினால் போதும். டிவி வாங்க நினைத்த தோஹா தம்பியே முதல் வாரம் பேசினால் நன்றாக இருக்கும், பழைய மாணவர், பிள்ளைகளுக்கு அவரைத் தெரியும்.

மாதத் தொகைக்குச் சம்மதம் என்றால் வெள்ளிக்கிழமைக்குள் இந்த மடலுக்கே பதில் போடுங்கள். எவ்வளவு, எத்தனை மாதம், உங்கள் பாஸ்போர்ட் இந்தியப் பாஸ்போர்ட்டா என்பதையும் சேர்த்து எழுதிவிடுங்கள், பொருளாளர் அண்ணன் அதை வைத்துத்தான் பட்டியல் போடுவார். சுத்தம் செய்ய ஒரு அம்மாவிடம் பேசி வைத்திருக்கிறோம், அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து வரச் சொல்லலாமா என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்.