11–22 குரோமோசோம் இடமாற்றம்: கருவைச் சோதித்துப் பதிப்பதா, இயல்பாக முயல்வதா?

கேள்வி:
அடுத்தடுத்துக் கரு கலைந்ததால் எனக்கும் கணவருக்கும் கேரியோடைப் பரிசோதனை (குரோமோசோம்களின் எண்ணிக்கையையும் அமைப்பையும் பார்ப்பது) செய்தார்கள். எனக்கு 11, 22ஆம் குரோமோசோம்களின் துண்டுகள் இடம் மாறியிருக்கின்றன என்றும், கூடுதலோ குறைவோ இல்லாததால் என் உடல்நலத்துக்குக் கேடில்லை என்றும் முடிவு வந்துள்ளது. ஐ.வி.எஃப். (உடலுக்கு வெளியே கருத்தரிக்கச் செய்தல்) செய்து, கருக்களை பி.ஜி.டி.–எஸ்.ஆர். சோதனைக்கு (கருப்பையில் பதிக்குமுன் கருவின் குரோமோசோம் அமைப்பைப் பார்ப்பது) அனுப்பலாம் என்கிறார் மருத்துவர். குழந்தைக்கு இந்த இடமாற்றம் வராது என்று அச்சோதனை உறுதி தருமா?

மறுமொழி 1:
தராது. ஐந்தாம் அல்லது ஆறாம் நாளில், பின்னர் நஞ்சுக்கொடியாக வளரும் வெளிப்பகுதியிலிருந்து சில செல்களை எடுத்து, குரோமோசோம் துண்டுகள் கூடியோ குறைந்தோ உள்ளனவா என்றே பார்க்கிறார்கள். ஆகவே உங்களைப் போன்ற சமநிலை இடமாற்றம் (கூடுதலோ குறைவோ இல்லாமல் துண்டுகள் இடம் மாறியது) உள்ள கருவும், இடமாற்றமே இல்லாத கருவும் வழக்கமான அறிக்கையில் ஒன்றுபோலவே தெரியும். பிரித்தறியும் முறைகள் உண்டு. ஆனால் உங்களைப் போல நலமாக வாழக்கூடிய கருவை ஒதுக்க எனக்கு நியாயம் தெரியவில்லை. நீங்கள் கவலைப்பட வேண்டியது வேறு: முட்டை உருவாகும்போது மாறிய 22ஆம் குரோமோசோம் கூடுதலாகச் சேர்ந்துவிட்டால், வழக்கமான 46க்குப் பதில் 47 குரோமோசோம்களுடன், உடல், அறிவு வளர்ச்சியைக் கடுமையாகப் பாதிக்கும் எமானுவல் நோய்க்கூறுள்ள குழந்தை பிறக்கக்கூடும். அத்துண்டுகளைத் தங்கள் சோதனையால் கண்டறிய முடியுமா என்று, சிகிச்சை தொடங்குமுன்பே ஆய்வகத்திடம் கேளுங்கள்.

மறுமொழி 2:
என் கணவருக்கு 13, 14ஆம் குரோமோசோம்கள் ஒன்றோடொன்று ஒட்டிய, ராபர்ட்சோனிய இடமாற்றம் எனப்படும் வகை. எடுத்த முட்டைகளில் பல ஐந்தாம் நாளை எட்டவில்லை. எட்டியவற்றிலும் சிலவற்றைச் சோதனை கழித்துவிட்டது. இது கருவைத் திருத்துவதில்லை, இருப்பவற்றிலிருந்து பொறுக்கித்தான் தருகிறது என்பதைப் பணம் கட்டுமுன் யாரும் எங்களுக்கு அழுத்திச் சொல்லவில்லை. கருச்சிதைவு குறையலாம், ஆனால் இறுதியில் குழந்தை பிறக்கும் வாய்ப்பை இது கூட்டுகிறது என்பது உறுதியாக நிறுவப்படவில்லை. இயல்பாகவே கருத்தரித்து நலமான குழந்தை பெற்றவர்களும் பலர். எவ்வழியில் கருத்தரித்தாலும், 15 வாரத்துக்குப் பின் பனிக்குட நீர்ச் சோதனை (கருவைச் சூழ்ந்த நீரைச் சிறிது எடுத்துக் குழந்தையின் குரோமோசோம்களைப் பார்ப்பது) பற்றி மருத்துவரிடம் பேசுங்கள்.

கேட்டவர்:
நன்றி. அறிக்கையில் ஆணா பெண்ணா என்று இருக்குமா என மாமியார் கேட்கிறார்.

மறுமொழி 1:
இருக்காது. இந்தியாவில் 2021ஆம் ஆண்டுச் சட்டம் மரபுவழி நோய்களுக்காகக் கருவைச் சோதிக்க இடம் தருகிறது. பாலினத்தைச் சொல்வதை 1994ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. இன்னொன்று, 11–22 இடமாற்றம் பெரும்பாலும் பெற்றோரில் ஒருவரிடமிருந்து வருவதால், உங்களுக்கு உடன்பிறந்தவர்கள் இருந்தால் அவர்களும் கேரியோடைப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது.