பேப்பர் ஏர் ஃபில்டருக்குப் பதில் கழுவிப் போடும் ஃபில்டர்: தேரிப் புழுதிக்குத் தாங்குமா?

தேரிக்காட்டான்:
அண்ணன்மாரே, 2017 ஸ்விஃப்ட் பெட்ரோல் வைத்திருக்கிறேன், 62,000 கி.மீ. ஓடியிருக்கிறது. ஊர் உடன்குடிப் பக்கம், தினமும் தேரிக்காட்டு (செம்மணல் மேடுகள்) ஓரமாகத்தான் வேலைக்குப் போய்வருகிறேன். ஆனி, ஆடியில் இங்கே அடிக்கிற காற்றில் வெள்ளை வேட்டியைக் கொடியில் போட முடியாது, மாலையில் எடுத்தால் காவியாக இருக்கும். ஏர் ஃபில்டர் மாற்றி ஆறு மாதம்தான் ஆகிறது. நேற்றுத் திறந்து சுவரில் தட்டினேன், மிளகாய்ப் பொடி மாதிரி ஒரு கை செம்மண் கொட்டியது. பிக்கப்பும் கொஞ்சம் மந்தம். கடைக்காரர், எண்ணெய் தடவிய காட்டன் ஃபில்டர் போடுங்கள், 5,200 ரூபாய், ஆயுசுக்கும் கழுவிக் கழுவிப் போடலாம், மைலேஜும் 2 கி.மீ. கூடும் என்கிறார். பேப்பர் 350 ரூபாய்தான். எதைப் போட?

கோவை ஹேட்ச்பேக்:
நான் நாலு வருஷமாகக் காட்டன்தான். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், மைலேஜ் ஒரு பாயின்ட்கூட ஏறவில்லை. ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால் காற்று இழுக்கிற சத்தம் ஒன்று வரும், அதற்காகத்தான் வைத்திருக்கிறேன், வீட்டில் திட்டு வாங்கியாகிவிட்டது.
கழுவுவது நீங்கள் நினைப்பதுபோல் பைப்பில் காட்டுகிற வேலை இல்லை. அதற்கென்று விற்கிற கிளீனரை அடித்து ஊறவிட்டு, சுத்தமான பக்கத்திலிருந்து அழுக்குப் பக்கமாகத் தண்ணீரை மெதுவாக விட வேண்டும், மாற்றி விட்டால் மண் உள்ளே ஏறும். அப்புறம் தானாகக் காய வேண்டும், கம்ப்ரஸர் காற்று கூடாது. காய்ந்த பிறகு மடிப்பு மடிப்பாக எண்ணெய். எனக்கு முழுசாக ஒரு நாள் போய்விடும், அன்றைக்கு வண்டி நின்றுதான் ஆக வேண்டும்.

பழைய ஸ்பானர்:
தம்பி, மைலேஜ் கதையை முதலில் விடுங்கள். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிய ஏறக்குறைய 9,000 லிட்டர் காற்று வேண்டும், அதனால் காற்று தாராளமாகப் போனால் நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் சாதாரணமாக ஓட்டும்போது த்ராட்டில், அதாவது ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால் திறக்கிற காற்று மூடி, பாதி மூடித்தான் இருக்கிறது, அதுவே காற்றை மறித்துக்கொண்டு நிற்கும்போது முன்னால் இருக்கிற ஃபில்டர் கொஞ்சம் தாராளம் காட்டி என்ன ஆகப்போகிறது? உள்ளே வருகிற காற்றுக்கு ஏற்ப இசியு (எஞ்சினை நடத்துகிற கம்ப்யூட்டர்) பெட்ரோலைக் குறைத்துக் கூட்டிக்கொள்ளும். அமெரிக்காவில் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் 2009-ல் அடைத்துப்போன ஃபில்டரை வைத்தே ஓட்டிப் பார்த்தது, இன்ஜெக்ஷன் பெட்ரோல் வண்டிகளில் மைலேஜ் குறையவில்லை, வேகம் எடுப்பதுதான் மந்தமானது. கார்புரேட்டர் காலத்துப் பேச்சை இன்னும் கடைகளில் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.
உங்கள் ஊருக்கு நான் பார்ப்பது வேறு. தேரி மண்ணில் இருப்பது பெரும்பாலும் குவார்ட்ஸ், இரும்பைவிடக் கடினம். அது பொடியாக உள்ளே போனால் பிஸ்டன் ரிங்கையும் சிலிண்டரையும் உப்புத்தாள் போட்டுத் தேய்க்கிற கதைதான். பேப்பரில் தூசி படியப் படிய அந்தத் தூசியே இன்னொரு வடிகட்டியாகிவிடும், அதனால் லேசாக அழுக்கான ஃபில்டரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். காட்டனில் எண்ணெய்தான் மண்ணைப் பிடிக்கிறது. எண்ணெய் குறைந்தால் மண் உள்ளே, கூடினால் எண்ணெய் உள்ளே. போன வருஷம் ஒரு டீசல் வண்டி வந்தது, ஓனர் சொந்தமாகக் கழுவி எண்ணெயைக் குளிப்பாட்டிப் போட்டிருந்தார், காற்றளவு சென்ஸாரின் மெல்லிய கம்பியில் எண்ணெய் படிந்து செக் எஞ்சின் லைட். அந்த சென்ஸார் இல்லாத வண்டிகளுக்கு இந்த ஒரு தொல்லை கிடையாது.
வாங்குவதற்கு முன்னால் ஒன்று செய்யுங்கள். ஃபில்டருக்கு அந்தப் பக்கம், எஞ்சினுக்குப் போகிற ஹோஸைக் கழற்றி, உள்சுவரை வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். பழைய பேப்பரை வெயிலில் பிடித்து ஓட்டை தெரிகிறதா என்றும் பாருங்கள்.

சும்மா ஒருவன்:
5,200-க்குப் பேப்பர் பதினாலு வரும், ஆறு மாதத்துக்கு ஒன்று என்றாலும் ஏழு வருஷம். கழுவுகிற கிட்டுக்குக் காசு தனி. இதில் என்ன யோசனை?

கோவை ஹேட்ச்பேக்:
எல்லாவற்றையும் கணக்குப் பார்த்தால் வாழ்க்கையில் என்னதான் இருக்கு சார். ஆனால் தேரிக்கு நானும் பேப்பர்தான் சொல்வேன்.

தேரிக்காட்டான்:
ஸ்பானர் அண்ணே, துடைத்துப் பார்த்தேன், துணி சிவப்பாக வந்தது! பேப்பரில் ஓட்டை இல்லை. ஃபில்டர் பெட்டியை டார்ச் அடித்துப் பார்த்தால் பின்பக்கக் கிளிப் ஒன்று மாட்டவே இல்லை, ஃபில்டரின் ரப்பர் விளிம்பு அந்த மூலையில் மடங்கி, விரல் நுனி போகிற அளவு சந்து. போன தடவை மாற்றியது நானேதான், யாரைத் திட்ட? பெட்டியையும் ஹோஸையும் துடைத்துவிட்டுப் புதுப் பேப்பர் போட்டுக் கிளிப் எல்லாம் அழுத்திவிட்டேன், ஒரு 500 கி.மீ. ஓட்டிவிட்டுத் திரும்பத் துடைத்துப் பார்க்கிறேன். ரிங் தேய்ந்திருக்கிறதா என்று கம்ப்ரஷன் (சிலிண்டர் அழுத்தம்) இப்போதே பார்க்க வேண்டுமா, ஆயில் குறைந்தால் பார்த்தால் போதுமா?

பழைய ஸ்பானர்:
எஞ்சின் ஆயிலை மட்டும் இந்த வாரமே மாற்றிவிடுங்கள். டிப்ஸ்டிக்கில் இன்றைய அளவைக் குறித்து வைத்து, 1,000 கி.மீ.க்கு ஒருதரம் பாருங்கள். இறங்கவில்லை என்றால் கம்ப்ரஷன் பக்கமே போக வேண்டாம்.