அம்மாவிடம் தமிழில் பேசும் மனநல ஆலோசகர் யாராவது தெரியுமா?

அனைவருக்கும் வணக்கம். சிங்கப்பூரில் ஈசூனில் இருக்கிறோம். அப்பா போய் எட்டு மாதம் ஆகிறது. அம்மாவுக்கு 67 வயது. ராத்திரி தூக்கமே இல்லை. விடிந்ததும் பழக்கதோஷத்தில் இரண்டு டம்ளர் காப்பி ஆற்றுகிறார். ஒன்று மேசையிலேயே ஆறி ஆடை கட்டிக் கிடக்கும். அதை நான் எடுத்துக் கொட்டினால் கோபம் வருகிறது.

பலதுறை மருந்தகத்தில் சொல்லி ஓர் ஆலோசகரைப் பார்த்தோம். நல்ல மனுஷிதான், ஆனால் ஆங்கிலம் மட்டுமே. நான் நடுவில் உட்கார்ந்து மொழிபெயர்த்தேன். "நல்லாத்தான் இருக்கேன்னு சொல்லு" என்றார் அம்மா. பெற்ற மகள் வாயால் தன் துக்கத்தை எந்தத் தாய் சொல்வார்? "மனசு பாரமா இருக்கு" என்பதை நான் ஆங்கிலத்தில் சொன்னபோது எனக்கே அது வேறு எதுவோ மாதிரி இருந்தது.

கிரெஸ்ட் (CREST) என்று வட்டாரங்களில் மனநல உதவிக்கான சமூகக் குழுக்கள் வீட்டுக்கே வந்து பேசுவார்கள் என்று அறிகிறேன். ஈசூன், செம்பவாங் பக்கம் அதில் தமிழ் பேசுபவர் இருக்கிறாரா? துணையை இழந்த அம்மாக்கள் சேர்ந்து உட்கார்ந்து பேசும் இடம் ஏதும் உண்டா? கோயிலோ, சமூக மன்றமோ, புளோக் கீழேயோ, எங்கே என்றாலும் சரி. ஆங்கிலம் தெரியாதவர் ஓரமாக உட்கார வேண்டாத இடமாக இருந்தால் போதும்.

1767 (தற்கொலைத் தடுப்பு), 1771 (மனநல உதவி) இரண்டு தொலைபேசி எண்களையும் குளிர்பெட்டியில் ஒட்டி வைத்திருக்கிறேன், அவசரத்துக்கு. எனக்கு வேண்டியது வாரம் ஒருமுறை அவரோடு பேச ஒருவர். உங்கள் வீட்டில் யாருக்காவது இப்படி உதவி கிடைத்திருந்தால், எப்படிக் கேட்டு வாங்கினீர்கள் என்று சொல்லுங்கள். தனிச்செய்தி அனுப்பினாலும் சரி.