15ஆம் தேதிக்குள் விண்ணப்பம் போடணும், அப்பா பேசுவதையே நிறுத்திவிட்டார்

மிசிசாகா மாணவி:
எல்லோருக்கும் வணக்கம். ரொம்ப அவசரம். போன கோடையில் கோயம்புத்தூரிலிருந்து இங்கே கனடாவுக்கு வந்தோம். யூனிவர்சிட்டிக்கு விண்ணப்பிக்க ஜனவரி 15 கடைசி நாள். எனக்கு நகரத் திட்டமிடல் படிக்க ஆசை. அப்பாவுக்கு நான் டாக்டர் ஆக வேண்டும், இல்லையென்றால் கம்ப்யூட்டர் சயின்ஸ். நேற்று ராத்திரி இதைச் சொன்னதும், “இதுக்காகவா வேலையை விட்டுட்டு இங்க வந்தேன்?” என்று கேட்டுவிட்டுப் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போய்விட்டார். காலையிலிருந்து ஒரு வார்த்தை பேசவில்லை. அம்மா அழுதுகொண்டே இருக்கிறார். யாராவது வழி சொல்லுங்கள், ப்ளீஸ்.

பிராம்ப்டன் அண்ணன்:
தங்கச்சி, அப்பா சொல்வதைக் கேள். கம்ப்யூட்டர் சயின்ஸ் எடு. நான் சென்னையில் மெக்கானிக்கல் இன்ஜினியர், கையில் நல்ல அனுபவம் இருந்தது. இங்கே எந்த இன்டர்வியூவுக்குப் போனாலும் முதல் கேள்வி, “கனடா அனுபவம் இருக்கிறதா?” முதல் குளிர்காலம் முழுக்க ஒரு கிடங்கில் இரவு ஷிப்ட். விடியற்காலையில் பஸ் நிறுத்தத்தில் நிற்கும்போது மூச்சு கண்ணாடியில் பட்டு அப்படியே உறைந்துவிடும். பெட்டி தூக்கித் தூக்கி முதுகு போனது. என்னோடு வந்தவர்களில் ஐ.டி. ஆட்களுக்குத்தான் சீக்கிரம் வேலை கிடைத்தது. ஆசையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

வாட்டர்லூ தம்பி:
அண்ணா, நீங்கள் சொல்வது பழைய கதை. நான் இப்போது அதே கம்ப்யூட்டர் சயின்ஸ்தான் படிக்கிறேன். படிப்போடு சேர்ந்த கோ-ஆப் பயிற்சி வேலைக்கு எத்தனை விண்ணப்பம் போட்டாலும் பதில்கூட வருவதில்லை, வகுப்பில் பாதிப் பேர் இதே புலம்பல்தான். அப்பாவுக்காக மட்டும் இதில் சேராதே. இன்னொன்று: டொராண்டோ பல்கலையில், சேரும்போதே கம்ப்யூட்டர் சயின்ஸ் பிரிவில் இடம் வாங்கவில்லை என்றால் பிறகு உள்ளே நுழைவது ரொம்பக் கஷ்டம். “முதலில் வேறு எதிலாவது சேர்ந்துவிட்டு மாறிக்கொள்ளலாம்” என்று யாராவது சொன்னால் நம்பாதே.

ஸ்காபரோ அன்ரி:
பிள்ளை, அப்பாவைக் கோபிக்காதே. நாங்கள் 80களில் அகதியாக ரொறன்ரோ வந்தபோது கையில் ஒரு பெட்டிதான். இவர் பகலில் உணவகத்தில் கோப்பை கழுவி, இரவில் தொழிற்சாலைக்குப் போனார். நான் சின்னவனை இடுப்பில் வைத்துக்கொண்டு வீட்டிலிருந்து தையல் வேலை செய்தேன். அந்த நாளில் பிள்ளைகள் டாக்டராக வேண்டும் என்ற எண்ணம்தான் எங்களை நடத்திக்கொண்டு போனது. உன் அப்பாவுக்கும் அப்படித்தான் இருக்கும். லைஃப் சயன்ஸ் (உயிரியல் படிப்பு) எடு ராசாத்தி. மருத்துவம் என்றால் எந்த நாட்டிலும் மதிப்பு.

பிராம்ப்டன் அண்ணன்:
அன்ரி, மதிப்பு இருக்கட்டும். ஊரில் டாக்டராக இருந்தவர் இங்கே டாக்ஸி ஓட்டுகிறார், எனக்கே தெரியும். இன்னொரு பக்கம் எங்களுக்குக் குடும்ப டாக்டர் கிடைக்கவில்லை. உடம்பு சரியில்லை என்றால் வாக்-இன் கிளினிக்கில் காத்துக் கிடக்கிறோம்.

எட்டோபிகோ அப்பா:
எங்களுக்கும் இதே கதைதான். இதில் வாடகை வேறு. பேஸ்மென்ட் ஒன்றுக்கு ஊரில் ஒரு வீட்டின் மாதத் தவணையைவிட அதிகம் கொடுக்கிறேன். சம்பளம் வந்த வேகத்தில் போகிறது. புதிதாக வருகிறவர்களுக்கு இதையெல்லாம் யாரும் முன்கூட்டியே சொல்வதில்லை.

வாட்டர்லூ தம்பி:
கார் இன்சூரன்ஸை விட்டுவிட்டீர்களே.

ஓக்வில் டீச்சர் அக்கா:
எல்லோருடைய கஷ்டமும் உண்மைதான். ஆனால் அந்தப் பெண்ணுக்கு 15ஆம் தேதி கழுத்தை நெரிக்கிறது. கண்ணம்மா, நீ சொல்லாத விஷயங்கள் சில எனக்குத் தெரியணும். நீங்கள் பி.ஆர். (நிரந்தர வசிப்புரிமை) வாங்கி வந்தவர்களா, இல்லை விசாவிலா? 12ஆம் வகுப்பில் என்னென்ன பாடம் எடுத்திருக்கிறாய்? நகரத் திட்டமிடல் ஏன் என்று அப்பாவிடம் எப்போதாவது விளக்கமாகச் சொன்னாயா? விசாவில் இருந்தால் கட்டணம் பல மடங்கு, மருத்துவம் அநேகமாகக் கனவுதான். பி.ஆர். என்றால் கணக்கே வேறு.

மிசிசாகா மாணவி:
பி.ஆர். அக்கா. ஜூலையில் வந்தோம். இங்கிலீஷ், அட்வான்ஸ்டு ஃபங்ஷன்ஸ், கால்குலஸ், கெமிஸ்ட்ரி, பயாலஜி, ஜியாக்ரஃபி எடுத்திருக்கிறேன். பிசிக்ஸ் எடுக்கவில்லை.
ஏன் என்று அப்பாவிடம் சொன்னதில்லை. அவினாசி ரோட்டில் மேம்பாலம் கட்டிய வருஷங்களில் தினமும் அந்தப் புழுதியில்தான் பள்ளிக்குப் போனேன். யார் இதை முடிவு செய்கிறார்கள், ரோட்டைக் கடக்கிறவர்களுக்கு என்ன செய்தார்கள் என்று அப்போதே யோசிப்பேன். இங்கே ஹுரான்டாரியோ தெருவில் எல்.ஆர்.டி. என்ற இலகு ரயிலுக்குத் தோண்டியிருக்கிறார்கள். பக்கத்துக் காலி மனையில், இத்தனை மாடிக் கட்டடம் வரப்போகிறது, கருத்து சொல்லலாம் என்று பலகை வைத்திருக்கிறார்கள். தெருவில் போகிற யாரும் கருத்து சொல்லலாம் என்பதை நம்பவே முடியவில்லை. பஸ் வரும்வரை அதைத்தான் படித்துக்கொண்டு நிற்பேன்.

ஓக்வில் டீச்சர் அக்கா:
இப்போது எனக்குப் புரிகிறது. எனக்குப் பட்டதைச் சொல்கிறேன்.

உன் அப்பா மனதில் நீட் கணக்குதான் ஓடுகிறது. ப்ளஸ் டூ முடித்ததும் சீட் வாங்கவில்லை என்றால் மருத்துவம் போய்விட்டது என்று நினைக்கிறார். நம் ஒன்டாரியோ மாகாணத்தில் பள்ளியிலிருந்து நேராக மருத்துவம் சேரும் வழி அநேகமாகக் கிடையாது. முதலில் ஒரு இளநிலைப் படிப்பு, அதன் பிறகுதான் எம்.டி.க்கு (இங்கே அதுதான் அடிப்படை மருத்துவப் பட்டம்) விண்ணப்பம். மெக்மாஸ்டர் மருத்துவப் பள்ளி இன்ன பாடத்தில்தான் பட்டம் வேண்டும் என்று கேட்பதில்லை. 2025 செப்டம்பரில் பிராம்ப்டனில் திறந்த டொராண்டோ மெட்ரோபாலிட்டன் மருத்துவப் பள்ளி எம்கேட் என்ற மருத்துவ நுழைவுத் தேர்வுகூடக் கேட்பதில்லை. ஆகவே திட்டமிடல் படித்தாலும், மதிப்பெண் நன்றாக இருந்தால், பிறகு மனம் மாறினால் அந்தக் கதவு மூடிவிடாது. அறிவியல் பாடம் இல்லாமல் எம்கேட்டுக்குத் தயாராவது கடினம், அதையும் மறைக்காமல் சொல்லிவிடு.

15ஆம் தேதி நீ போடப்போவது விண்ணப்பம்தான். எந்த இடத்தை ஏற்பது என்று ஜூன் தொடக்கத்தில்தான் முடிவு செய்யணும். ஓ.யூ.ஏ.சி. (ஒன்டாரியோ பல்கலைகளின் விண்ணப்ப மையம்) அடிப்படைக் கட்டணத்திலேயே மூன்று படிப்புகளுக்கான விண்ணப்பம் அடக்கம். வாட்டர்லூ, டொராண்டோ மெட்ரோபாலிட்டன் இரண்டிலும் திட்டமிடல் போடு, இரண்டுமே தொழில் அங்கீகாரம் பெற்ற படிப்புகள். மூன்றாவதாக டொராண்டோ பல்கலையின் மிசிசாகா வளாகத்தில் லைஃப் சயின்ஸ் போடு. வீட்டிலிருந்தே போய் வரலாம். நான்காவதாகக் கம்ப்யூட்டர் சயின்ஸ் வேண்டும் என்று அப்பா சொன்னால் கூடுதல் கட்டணம் கட்டிப் போடலாம், உன் பாடங்கள் அதற்கும் ஒத்துவரும். பிசிக்ஸ் இல்லாததால் இன்ஜினியரிங் மட்டும் இப்போதைக்குக் கிடையாது.

நீ புதிதாக வந்தவள் என்பதால் இன்னொரு விஷயம், இதில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். கனடா வந்து நான்கு வருஷம் ஆகாத பிள்ளைகளிடம் ஐ.ஈ.எல்.டி.எஸ். போன்ற ஆங்கிலத் தேர்வு கேட்கும் பல்கலைகள் உண்டு. கோவையில் ஆங்கில மீடியத்தில் படித்தாய் என்றால் அந்தப் பள்ளியின் கடிதம் போதுமா என்று ஒவ்வொரு இடத்துக்கும் இன்றே மின்னஞ்சல் அனுப்பு. வாட்டர்லூ ஏ.ஐ.எஃப். என்று, உன்னைப் பற்றிக் கேட்கும் தனிப் படிவம் அனுப்பும், அதையும் நிரப்பி அனுப்பு. அந்தப் பலகையைப் பற்றி எழுதினாயே, அதையே அதில் எழுது.

ஸ்காபரோ அன்ரி:
டீச்சர் சொல்வது சரி. நான் லைஃப் சயன்ஸ் என்று சொன்னது இந்த வழி தெரியாமல் இல்லை, அப்பாவின் மனம் தாங்காதே என்றுதான். பிள்ளை, அப்பாவிடம் படிப்பைப் பற்றிக் கதைக்கும்போது வேலையைப் பற்றியும் கதை. படித்து முடித்து எங்கே வேலை என்று அவர் கேட்பார்.

எட்டோபிகோ அப்பா:
எனக்கும் 11ஆம் வகுப்பில் மகள் இருக்கிறாள். அன்ரி சொன்ன அந்தக் கேள்விக்கு என்ன பதில்? நானே கேட்கிறேன்.

ஓக்வில் டீச்சர் அக்கா:
நகராட்சிகள், மெட்ரோலிங்க்ஸ் என்ற அரசுப் போக்குவரத்து நிறுவனம், தனியார் ஆலோசனை நிறுவனங்கள். வேலை அனுபவமும் தேர்வும் முடித்தால் ஆர்.பி.பி. என்ற பதிவுபெற்ற திட்டமிடுநர் தகுதி. மகளிடம் பள்ளியின் கைடன்ஸ் (வழிகாட்டல்) அறையில் கேட்கச் சொல்லுங்கள், 12ஆம் வகுப்புப் பாடங்களை இப்போதே பார்த்து எடுக்கலாம்.

மிசிசாகா மாணவி:
அக்கா, ராத்திரி அம்மாவை உட்கார வைத்து முதலில் அவருக்கு விளக்கினேன். அம்மா போய் அப்பாவிடம் சொன்னார். அப்பா வந்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “அந்தப் பாட விஷயம் எங்க எழுதியிருக்கு?” மெக்மாஸ்டர் பக்கத்தைத் திறந்து காட்டினேன். சம்மதம் என்று சொல்லவில்லை, ஆனால் முழுசாகப் படித்தார். கம்ப்யூட்டர் சயின்ஸையும் சேர்க்கச் சொன்னார், சரி என்றேன். விண்ணப்பத்தில் என் ஓ.ஈ.என். என்ற மாணவர் எண் கேட்கிறதே, அது எங்கே இருக்கும்?

ஓக்வில் டீச்சர் அக்கா:
உன் மதிப்பெண் அட்டையிலேயே இருக்கும். கிடைக்கவில்லை என்றால் காலையில் முதல் வேலையாகக் கைடன்ஸ் அறைக்குப் போ. பணத்தைக் கடைசி நாள் ராத்திரி வரை இழுக்காதே, கார்டு மறுத்துவிட்டால் சமாளிக்க நேரம் வேண்டும். அப்பாவையே பக்கத்தில் வைத்துக்கொண்டு கட்டு.